நெளிவாரி என்ற வலைக்கு நான் தகப்பனான கதை

நம் அகராதியில் இருக்கும் ஆயிரக்கணக்கான சொற்களுக்குத் தாய் யார், தகப்பன் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தெரியும். இரண்டாம் பதிப்பில் 'நெளிவு' என்ற சொல்லுக்குச் சற்று மேலே 'நெளிவாரி' என்று ஒன்று இருக்கிறது, பாருங்கள். மீன் பிடிக்கும் ஒரு சிறு வலை. அதற்குத் தகப்பன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் ரெபேக்கா டீச்சர் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். அதனால் முந்திக்கொள்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் புத்தி சொல்லி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். புத்தி என்னிடம் எப்போதும் கையிருப்பில் இருந்ததில்லை. முட்டாள்தனம் வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதில் பெரிய மூட்டையைப் பிரிக்கிறேன்.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த சமயம். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிவந்த குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கன்னடம் எழுதவும் படிக்கவும் தெரிந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்காகத் தமிழ்–கன்னட அகராதி ஒன்று போடலாம் என்று நான்கு பெரிய மனிதர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒரே கூச்சலாக உள்ளே வரும். 'சொல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும்' என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. சோம்பேறிகளுக்குக் கொள்கைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

வேலை இன்றைக்கு நீங்கள் செய்வதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. முன்பக்கம் சொல், பொருள், தோற்றம், கன்னடத்தில் என்ன என்பது. பின்பக்கம் ஆதாரம்: எந்த நூல், அல்லது எந்த ஊரில் எந்த ஆள் சொன்னது. சீட்டுகளைச் செருப்புப் பெட்டிகளில் அகரவரிசைப்படி அடுக்குவோம். அந்தப் பெட்டிகளுக்குக் காவல் ரெபேக்கா டீச்சர். கன்டோன்மென்ட் சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு, முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் எனக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிடும். "என் பெட்டிக்குள்ள பொய் நுழையாது, மிஸ்டர் சம்பங்கி" என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

எல்லோருக்கும் மேலே பதிப்பாசிரியர். நாங்கள் 'பெரிய சார்' என்போம். முகப்பில் கூடத் தன் பெயரைப் போடக் கூடாது என்று சொன்ன மனிதர், அதனால் நானும் இங்கே போடவில்லை. மைசூர் சர்க்கார் வேலையில் ஊறிய தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் கன்னடம் வந்து வந்து போகும்.

எனக்கு ஒதுக்கியது ஏரி, குளம், மீன் சம்பந்தமான சொற்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய அகராதிகளைப் பார்த்து, 'வீச்சுவலை: வீசினால் விரியும் வலை' என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய சார் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"எப்படி விரியும் சம்பங்கி? வட்டமாவா, சதுரமாவா?"

"நல்லாவே விரியும் சார்."

"போய் நோடிட்டு வாய்யா."

போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். மறுநாள் அல்சூர் ஏரிக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையோடு நின்றிருந்தார். முனிரத்தினம் என்று பெயர்.

"சார் இன்னா பண்றீங்க?" என்றார்.

"அகராதி பண்றேன்."

"அது எந்த ஏரில கெடைக்கும்?"

அவர் வலையை வீசினார். ஓரமெல்லாம் ஈயக் குண்டு கோத்த வலை, குடை விரிந்தது போல வட்டமாகப் போய் விழுந்தது. எனக்கு ஆசை விடவில்லை. வாங்கி வீசினேன். வலை போனது, கூடவே நானும் போனேன். சட்டைப் பொத்தானில் கண்ணி மாட்டியிருந்தது. அந்த வீச்சில் அகப்பட்ட ஒரே ஜீவன் நான்தான்.

"சட்ட போட்டுக்கினு யாராச்சும் வல வீசுவாங்களா சாமி? பொத்தான் மாட்டும்னு கொழந்தைக்குக் கூடத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே என்னைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். பொத்தான் விஷயம் எந்த அகராதியிலும் இல்லை. ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து அவரிடம் இருபது சொற்களாவது வாங்கினேன். அத்தனையும் நிஜமானவை, பின்பக்கத்தில் அவர் பெயரோடு. அலுவலகத்தில் எனக்குத் திடீர் மதிப்பு. மதிப்பு வந்தவுடன் வாலும் முளைத்துவிட்டது.

ஒரு மழை மதியம். 'வலை' என்ற சொல்லின் தோற்றத்தைப் பற்றி எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்தோம். வளைத்துப் பிடிப்பதால் வலை என்றார் ஒருவர். வலித்து இழுப்பதால்தான் வலை என்றார் இன்னொருவர். பெரிய சார் இரண்டையும் ஒதுக்கினார். "நமக்கு வேர், கன்னடக்காரங்களுக்கு பேரு. நாம வான்னா அவங்க பா. நமக்கு வலை, அவங்களுக்கு பலெ. ரெண்டு வீட்டுக்காரங்க பிரியறதுக்கு முன்னாடியே வலை இருந்திருக்கு. அதுக்கு மேல தெரியலேன்னா தெரியலேன்னு எழுதுங்க. தப்பில்ல."

எனக்கு அது ருசிக்கவில்லை. தோற்றம் தெரியாமல் ஒரு சொல்லா? தோற்றம் தெரிந்த சொல்லை நானே உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஊரெல்லாம் 'மொழிவாரி, மொழிவாரி' என்று பேச்சு. அந்த ஓசை காதிலேயே இருந்தது. எழுதினேன்:

'நெளிவாரி: 1. மீன் பிடிக்கும் சிறு வலை. 2. ஆதாரம் கேட்டே ஆளைக் குடைபவர். தோற்றம்: நெளி + வாரி; நெளிவதை வாரி எடுப்பது.'

பின்பக்கம் கூசாமல் எழுதினேன்: 'முனிரத்தினம், அல்சூர் ஏரிக்கரை.'

டீச்சரின் 'ந' பெட்டியில் அதை நடுவில் செருகினேன். நாலு மணி டீ வரும்போது, "டீச்சர், உங்க பெட்டிக்குள்ள பொய் நுழைஞ்சிருச்சு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பது திட்டம். மூன்றரைக்கே என் மாமா படியேறி வந்துவிட்டார். சந்தாபுராவில் தங்கைக்குக் கல்யாணம். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து எறங்கிட்டாங்க, நீ இங்க குந்திக்கினு காகிதம் கிறுக்கறே!" என்று பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். பந்தல், பந்தி, சம்பந்தி சண்டை. ஐந்து நாள் எனக்கு 'நெளிவாரி' ஞாபகமே இல்லை.

ஆறாம் நாள் காலை அலுவலகப் படியில் ரெபேக்கா டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுவே கெட்ட சகுனம். மேஜைக்கு வந்து, வீட்டில் செய்த கேக் ஒரு துண்டு வைத்தார்.

"மிஸ்டர் சம்பங்கி, இத்தன நாள் உங்கள ஒரு சோம்பேறின்னு நெனச்சேன். சாரி. அந்த நெளிவாரி ஒண்ணு போதும். என்ன அழகான வார்த்தை!"

வாயருகே கொண்டுபோன கேக்கை மேஜையிலேயே வைத்தேன்.

நடந்தது இதுதான். எந்த நூலிலும் இல்லாத சொல் என்றால் நேரில் விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. டீச்சர் அந்த மழையில் குடையோடு அல்சூர் ஏரிக்கே போய் முனிரத்தினத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அவரும் ஆமாம் என்று சொல்லி வலையையே காட்டிவிட்டாராம்! இரண்டாம் பொருளுக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை என்று டீச்சர் சிவப்பு மையால் அடித்திருந்தார். பெரிய சாருக்கு ஒரே குஷி. முன்னுரையிலேயே ஒரு பத்தி சேர்த்துவிட்டார்: ஏட்டில் இல்லாத சொற்கள் ஏரிக்கரையில் வாழ்கின்றன, உதாரணம் நெளிவாரி. முன்னுரையும் 'ந' பக்கங்களும் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்கித் தயார். மறுநாள் காலை மெஷின் ஓடும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று காலை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே இருந்திருக்கலாம். சொல்லுக்கு ஆள் சாட்சி இருக்கிறது, வலை சாட்சி இருக்கிறது. பெரிய சாருக்கு மகிழ்ச்சி, டீச்சருக்கு மகிழ்ச்சி, எனக்கு கேக். என் வேலையோ தற்காலிகம். தங்கை கல்யாணச் செலவில் மூழ்கியிருக்கும் வீட்டுக்கு, வேலை போய்விட்டது என்று எப்படிப் போய் நிற்பது? எல்லாம் சரி. ஆனால் அந்தக் கேக்தான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். 'சோம்பேறின்னு நெனச்சேன், சாரி' என்றாரே, அதை என்னால் செரிக்க முடியவில்லை. மதியம் எழுந்து பெரிய சார் மேஜை முன்னால் போய் நின்றேன். டீச்சரும் அங்கே இருந்தார்.

"சார், நெளிவாரி பொய். நான் இட்டுக்கட்டினது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கல்யாண வீட்டு மப்பு இன்னும் போகல இவனுக்கு" என்றார் பெரிய சார்.

வாழ்நாளில் முதல் தடவையாக அலுவலகத்தில் ஒரு நிஜம் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை. கோமாளிக்கு அதுதான் தண்டனை. வேறு வழியில்லாமல் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர், அந்த ரெண்டாவது பொருள், நீங்க சிவப்பு மையால அடிச்சீங்களே... 'ஆதாரம் கேட்டே ஆளைக் குடைபவர்'. அது யாருன்னு நெனச்சீங்க?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், இவன் உண்மையத்தான் சொல்றான்" என்றார். மிஸ்டரும் போச்சு, மரியாதையும் போச்சு.

பெரிய சார் கோட்டை எடுத்து மாட்டினார். "உன் நிஜத்தையே சான்று இல்லாம ஏத்துக்க மாட்டேன். உன் பொய்யை மட்டும் எப்படிப்பா சும்மனே ஏத்துக்கறது? நடங்க ரெண்டு பேரும்."

மூவரும் பஸ் பிடித்து ஏரிக்குப் போனோம். முனிரத்தினம் என்னைப் பார்த்ததும், "சாமி, தங்கச்சி கல்யாணமாமே, ஆச்சா? சட்ட மாத்திட்டியா?" என்று கேட்டார். நான் பாவமாக நின்றேன். கரையில் முனிரத்தினத்தின் மனைவி ருக்கு கூடையை அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரம்பு வளையத்தில் கட்டிய சின்னக் கைவலை ஒன்று கிடந்தது. பெரிய சார் குடை நுனியால் அதைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றார்.

"இன்னா சார், இது கூடத் தெரியாதா? நெளிவாரி."

டீச்சர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"யாரும்மா இப்படிச் சொல்லுவாங்க?"

"எல்லாருந்தான் சொல்றோம்."

"எப்பலேர்ந்து?"

"தோ, இந்தம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்களே, அப்பலேர்ந்து" என்று ருக்கு நேராக ரெபேக்கா டீச்சரைக் காட்டினார்.

சொல்லுக்குத் தகப்பன் நான் என்றால் தாய் யார் என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இதை எழுதினால் குடையால் அடிப்பேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "கோச்சிக்காதீங்க சார். அம்மா கொட்டற மழையில வந்து, 'நெளிவாரின்னு ஒரு வல உங்ககிட்ட இருக்காமே'ன்னு கேட்டாங்க. காகிதத்துல என் பேரு வேற எழுதியிருக்கு. இல்லேன்னு சொன்னா இந்தச் சாமிக்கு வேல பூடுமோன்னு பயம். எங்கிட்ட இருக்கற வலயில எது நெளியறத வாரும்னு யோசிச்சேன். இந்தச் சின்னதுக்குப் பேரே இல்ல, 'அத்த எடு, இத்த எடு'ன்னுதான் சொல்லிக்கினு இருந்தோம். பேரு பொருத்தமா இருந்திச்சு, வெச்சுக்கினோம். இப்ப அந்தக் கரையில கூட அப்டித்தான் சொல்றாங்க."

டீச்சர் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய சார் அவரிடம் மெதுவாகத்தான் பேசினார். "சொல்லைக் காட்டிப் பொருளைக் கேட்டா, நல்ல மனுஷங்க எல்லாரும் ஆமாம்னுதாம்மா சொல்லுவாங்க. பொருளைக் காட்டிச் சொல்லைக் கேக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பொய் எழுதினது கூடப் பரவால்ல. பின்பக்கத்துல இவர் பேரை எழுதினே பாரு, அதுதான் அநியாயம்."

தம்பி தங்கைகளே, இந்த இரண்டு வாக்கியமும்தான் இந்தத் தொழில். மீதி எல்லாம் கையெழுத்து.

அங்கிருந்து நேராக அச்சகம். எழுத்துக் கோக்கும் அந்தோணி அண்ணன் சட்டத்தை முடுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது.

"முன்னுரையில ஒரு பத்திய எடுக்கறது சுலபம் சார். 'ந'வுல ரெண்டு வரிய எடுத்தா அத்தன பக்கமும் மேல ஏறும். நாளைக்கு மெஷின் ஓடாது."

"ஓடணும்" என்றார் பெரிய சார்.

"அப்போ அதே ரெண்டு வரிக்கு ஏதாச்சும் குடுங்க. ஒரு எழுத்து கூடினாலும் ஆவாது, கொறஞ்சாலும் ஆவாது."

நான் வாயைத் திறந்தேன். "நீ ஒண்ணும் சொல்லாதே!" என்று மூவரும் ஒரே குரலில் அடக்கினார்கள். ரெபேக்கா டீச்சர் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, விரலால் எழுத்து எண்ணி எண்ணி, அடுத்த சொல்லான 'நெளிவு' என்பதன் கீழ் 'நெளிவு சுளிவு: ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி நடந்துகொள்ளும் திறமை' என்று சரியாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். கணக்கு டீச்சரை எதற்கு அகராதிக்கு எடுத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

எனக்கோ வேறு கவலை. "சார், என் வேலை..." என்றேன்.

"உன்ன அனுப்பிட்டா, உன் சீட்டுல எது நிஜம் எது பொய்னு யாரைப் போய்க் கேக்கறது? எழுதினதெல்லாம் திருப்பி எடு. ஒவ்வொண்ணுக்கும் அந்தந்த இடத்துக்குப் போ. பொருளைக் காட்டு, சொல்லைக் கேளு. முடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்."

"சார், ருக்கு அம்மா நிஜமாவே அப்படித்தானே சொல்றாங்க? இப்ப அது சொல்தானே?"

பெரிய சார் யோசித்தார். "பொறந்து அஞ்சு நாள் கூட ஆகாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கறதில்ல. நடக்குதா பாக்கலாம்." சீட்டைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் முனிரத்தினத்தின் பெயரை அடித்துவிட்டு, 'சம்பங்கி, அலுவலக ஜன்னலோரம், வேலை செய்யாத நேரத்தில்' என்று என் கையாலேயே எழுத வைத்து, தனிப் பெட்டியில் போட்டார்.

மூன்று மாதம் பெங்களூருக்குள் இருக்கும் ஏரிகளை எல்லாம் அளந்தேன். தண்டனை என்று ஆரம்பித்தது எப்போது பண்டிகை ஆனது என்று தெரியவில்லை. பொத்தான் இல்லாத பனியனோடு நின்று வலை வீசக் கற்றேன். நானூறுக்கு மேல் சீட்டு. அதில் அறுபது எழுபது சீட்டு, பழைய அகராதிகளைப் பார்த்து நான் எழுதிய தப்பு. பொய் ஒன்றே ஒன்றுதான், அதுவே எல்லாவற்றையும்விட நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது பெரிய சார் வேலையை நிரந்தரமாக்கியிருந்தார். ஜன்னலோர நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

அறுபதுகளில் இரண்டாம் பதிப்பு வேலை. பெரிய சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் ரெபேக்கா டீச்சர். ஒரு நாள், அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் ஆனேக்கல் பக்கத்து ஏரியிலிருந்து கொண்டுவந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்று: 'நெளிவாரி: சிறு கைவலை.' பின்பக்கம் மீன் விற்கும் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும்.

"என்ன கேட்டீங்க அவங்களை?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல சார். வலையக் காட்டி இது என்னன்னேன். பழங்காலத்துலேர்ந்தே இப்படித்தான்னு சொன்னாங்க."

அந்தப் பக்கத்து ஏரிகளுக்கு நானோ டீச்சரோ முனிரத்தினமோ போனதே இல்லை. பிள்ளை யார் தோளிலும் ஏறாமல் தானாகவே நடந்து போயிருக்கிறது. சீட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் அறைக்கு ஓடினேன். ஓடும் வயசில்லை, ஆனாலும் ஓடினேன். அவர் முன்னும் பின்னும் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். தனிப் பெட்டியிலிருந்து என் பழைய சீட்டை எடுத்து இதோடு சேர்த்துக் குத்தினார்.

"சேத்துடலாம். தோற்றம் நெளி பிளஸ் வாரி. அது சரியாத்தான் இருக்கு."

பிறகு பேனாவை எடுத்து என் சீட்டின் முன்பக்கம் ஏதோ எழுதினார், திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். காயட்டும் என்று ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் எழுதி, அவர் சிவப்பு மையால் அடித்த இரண்டாம் பொருளின் இடத்தில், இப்போது வேறொன்று இருந்தது. அச்சில் அதை நீங்களும் பார்க்கலாம்: '2. (அலுவலக வழக்கு) பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு நெளிபவன்.'

பின்பக்கம் அச்சில் வராது. சீட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, போய் எடுத்துப் பாருங்கள். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது: 'சம்பங்கி, சிவாஜிநகர். நேரில் கண்டது.'